கறுப்பனுக்கு பிஸ்கட் போடாதீர்கள் என்றால் ஏன் கேட்கமாட்டீர்கள்?

என் பூனை கறுப்பனுக்குச் சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறேன், தயவுசெய்து எதுவும் போடாதீர்கள் என்று பக்கத்து வீடு, எதிர்வீடு, தெருமுனைக் கடை எல்லா இடமும் சொல்லியாயிற்று. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பின்னேரம் போய்ப் பார்த்தால் மதிலோரம் பால்மாவில் ஊறின பாண் கிடக்கிறது, பக்கத்தில் மாரி பிஸ்கட் தூள். கேட்டால், "பாவம், கத்திக்கொண்டு நிண்டது. ஒரு துண்டுதானே" என்கிறார்கள்.

அந்த ஒரு துண்டுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது. பூனைக்குப் போடுவதே ஒன்றிரண்டு யூனிட் இன்சுலின். இரத்தத்தில் சீனி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துத்தான் மிருக வைத்தியர் அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார். நீங்கள் ஒளித்துப் போடும் பாணால் சீனி ஏறும், மருந்து காணாது என்று நினைத்து அவர் அளவைக் கூட்டுவார். அப்புறம் நீங்கள் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குப் போய்விடுவீர்கள். பிஸ்கட் நின்றுவிடும், கூட்டின இன்சுலின் நிற்காது. சீனி சடாரென்று இறங்கிப் பூனை தள்ளாடும், வலிப்பு வந்து விழும், செத்தும் போகும். அப்போது யார் வந்து பதில் சொல்வது?

எதிர்வீட்டு மாமாவை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது. அவருக்கே சீனி வருத்தம். தேநீருக்குச் சீனி போடமாட்டார், இரவில் சோற்றைத் தொடமாட்டார், மாத்திரை நேரம் தப்பாது. அதே மனிதர் மதிலுக்கு மேலால் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு, "இதில இனிப்பே இல்லை தம்பி" என்கிறார். மாமா, பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரும் மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005 இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இனித்தாலும் இனிக்காவிட்டாலும் மா உள்ளே போனால் குளுக்கோஸ்தான். அது இறைச்சி தின்னப் பிறந்த உயிர். மாச்சத்தைச் செரிக்கும் நொதி அதன் எச்சிலில் இல்லை, கல்லீரலும் மொத்தமாக வந்து சேரும் குளுக்கோஸை எங்களுடையதைப் போல வேகமாகக் கையாளாது. எலியிலும் குருவியிலும் எவ்வளவு மாச்சத்து இருக்கப்போகிறது?

குண்டுப் பூனையைக் கண்டால் "நல்லா வளர்த்திருக்கிறியள்" என்று மெச்சுவதையும் நிறுத்துங்கள். சாதாரண வீட்டுப் பூனை நாலு, ஐந்து கிலோதான் இருக்கும். பருத்த பூனைக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்பு நாலு மடங்கு வரை கூட. கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் நடுவயதுக் கடுவன் என்றால் இன்னும் பயம். கடையில் விற்கும் உலர்ந்த பைக்கற் தீனி பலதில் மூன்றில் ஒரு பங்கு மாச்சத்து. அதைக் கோப்பை நிறையக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

வருத்தம் தொடங்கினபோது கறுப்பன் தண்ணீர்ச் சட்டியடியை விட்டு எழும்பாமல் குடித்தான். அவன் மூத்திரம் பெய்யும் மண் தட்டு எந்நேரமும் ஈரம். தின்னத் தின்ன மெலிந்தான். பிறகு பின்னங்கால் குதி நிலத்தில் படப்பட நடந்தான், மதிலில் பாயக் காலில் பலம் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் "வயசு போட்டுது" என்றார்கள். வயசு இல்லை, சீனி கூடி நரம்பு பாதிக்கப்பட்டால் பூனை அப்படித்தான் நடக்கும்.

இவ்வளவும் நடப்பது திருகோணமலையில்! விடிய மீன் சந்தைக்குப் போனால் சூடையும் கீரியும் குவிந்து கிடக்கிற ஊரில், பூனைக்குப் பாண் போடுகிறார்கள். மீன் மட்டும் போதாது, அதையும் நெடுகப் பச்சையாகப் போட்டால் விற்றமின் குறைபாடு வரும், சரி. ஆனால் அவித்த மீனும் கோழியும் பாணைவிட எவ்வளவோ மேல். மெலியவைக்கிறேன் என்று பட்டினி போடவும் கூடாது, சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிரை எடுக்கும்.

ஆரம்பத்திலேயே இன்சுலினும் மாச்சத்துக் குறைந்த சாப்பாடும் ஒழுங்காகப் போனால் சில பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வருகின்றன. கறுப்பனும் வரவேண்டும் என்றுதான் நேரம் பார்த்து, நிறை பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு இருக்கிறேன். கொடுக்க ஆசையென்றால் படலையைத் தட்டுங்கள், அவன் சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள், அவித்த மீனை உங்கள் கையிலேயே தருகிறேன். மதிலுக்கு மேலால் இனி ஒன்றும் வரக்கூடாது.