தெரிந்தவர் யாரும் இல்லாத மாணவருக்கு

போன மாதம் கடைசி வருட மாணவி ஒருவர் தன் ரெஸ்யூமேயைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். மேலே ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்’ என்று ஒரு வரி, கீழே மதிப்பெண்கள், அவ்வளவுதான். போனில் பேசும்போதுதான் தெரிந்தது, மூன்று வருடமாக மாலை நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார் என்று. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“அதெல்லாம் அனுபவத்துல சேருமா சார்?”

அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. புரியாத பிள்ளைக்கு வேறு மாதிரி விளக்குவது, பெற்றோருக்குப் பதில் சொல்வது, தேர்வு நெருங்க நெருங்கப் பாடத்தைத் திட்டமிடுவது எல்லாம் மூன்று வருடம் செய்திருக்கிறார். சேரும் என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. அவர் வீட்டில் முதல் பட்டதாரி அவர்தான். அலுவலக வேலை பார்க்கும் அப்பாவோ சித்தியோ இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பிடும்போதே காதில் விழுந்திருக்கும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் தொடுகிறது. பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. அப்படித் தள்ளி நிற்கிற தெரிந்தவர்களே இல்லாத மாணவர் என்ன செய்வார்?

பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையம் அந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. தொழில் வழிகாட்டல் என்ற துறை பிறந்ததே அப்படித்தான். 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் மையத்தைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்தவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய முறை. அதற்கெல்லாம் நாள் வேண்டும். கடைசி செமஸ்டரில் இரண்டு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு, ஒரே அச்சில் வார்த்த ரெஸ்யூமே மாதிரி, அப்புறம் பிளேஸ்மென்ட் என்று ஓடினால் பார்சன்ஸ் சொன்ன முதல் இரண்டும் எப்போது நடக்கும்?

முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவரை மேடையேற்றுவதைவிட, படித்து முடித்து இரண்டு வருடம் ஆன சீனியரை வகுப்பில் உட்கார வைத்துப் பேச விடுங்கள். முதல் இன்டர்வியூவில் எங்கே தடுமாறினோம், காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன வேலை செய்கிறோம் என்று அவர் சொல்வார். மாக் இன்டர்வியூ வைத்தால் ‘நன்றாகச் செய்தாய்’ என்று அனுப்பிவிடாமல், எந்தப் பதில் எதற்காக நிற்கவில்லை என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைத் தகுதியாகக் கேட்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிற மாணவரை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சரி, அந்த மாணவியின் ரெஸ்யூமேயில் மேலே இருந்த வரியை எடுத்துவிட்டோம். ‘மூன்று ஆண்டுகளாகப் பன்னிரண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன்’ என்பதுதான் இப்போது முதல் வரி. அதைப் பார்த்துவிட்டு, வகுப்புத் தோழிகள் இரண்டு பேருக்கு என் நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

தாராளமாகக் கொடுங்கள் என்றேன். இதைப் படிக்கிற மாணவர்களும் இன்பாக்ஸில் அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்கிறேன்.