கார் ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?

கும்பகோணம், மன்னார்குடி பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘ஃபுல் சிந்தெடிக் என்றால் போதும், கார் ஆயிலையே பைக்கிலும் ஊற்றலாம்.’ தவறு. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும், 0டபிள்யூ-20 போன்ற கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்ப்பதால் அந்தத் தட்டுகள் வழுக்கலாம், அப்புறம் நெல் மூட்டையோடு பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. சிந்தெடிக்கா இல்லையா என்பது வேறு விஷயம். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) குறியீடான எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி (MB) என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. கிரேடும் (0டபிள்யூ-20 போன்ற தடிமன் எண்) ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தர எழுத்தும் வண்டிக் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும். ‘ஏபிஐ தரத்துக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே அச்சடிப்பதும் உரிமம் வாங்கிப் போடும் ஏபிஐ வட்ட முத்திரையும் ஒன்றல்ல. உரிமம் உண்டா என்று ஏபிஐ தளத்திலேயே தேடலாம்.