வாரத்துக்கு 15 மணி நேரம் எங்கிருந்து வரும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பகுதிநேர எம்பிஏ படிப்புக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண் பட்டியல், நுழைவுத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரை எல்லாமே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். வீடியோ அழைப்பில் எதிரே இரண்டு பேர். முதல் 20 நிமிடம் நன்றாகவே பேசினேன். அப்புறம் அவர்களில் ஒருவரான பேராசிரியை கேட்டார்: "இந்தப் படிப்புக்கு வாரம் 15 மணி நேரம் வேண்டும். உங்கள் வாரத்தில் அந்த 15 மணி நேரம் எது?"

"சமாளித்துக்கொள்வேன் மேடம்" என்றேன்.

"சமாளிப்பீர்கள். நான் கேட்பது எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று."

என்னிடம் பதில் இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்துகொள்வேன், சனி ஞாயிறு இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். மூன்று வாரம் கழித்து 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

அதற்குப் பிறகு பலர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். எந்தக் கல்லூரி, ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா, ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா, இந்த மூன்றும்தான் கேட்பார்கள். நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். பகுதிநேரமோ ஆன்லைனோ, வேலையில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கும் ஒருவர் முதலில் முடிக்க வேண்டியது இந்த நேரக் கணக்கைத்தான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. முழுநேரம் படிக்கப் போகிறவர் வேலையை விட்டுவிட்டுப் போகிறார், அவருக்கு நாள் முழுக்கக் கையில் இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. நாம் படிக்க எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏற்கெனவே இன்னொருவருக்குச் சொந்தமாக இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள். பிரிட்டன் முறையில் ஒரு முதுகலைப் பட்டம் என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரப் படிப்பு என்பது அங்கே கணக்கு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூட விடாமல் பிரித்தால் வாரத்துக்கு 17 மணிக்கு மேல் வரும். மூன்று வருடமாக நீட்டினால் பதினொன்றரை மணி. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிப்பு, இப்படி சுமார் 15 வாரம் என்று வைத்திருக்கிறார்கள். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி. பல ஆன்லைன் படிப்புகளில் அதே பாடத்தை ஏழெட்டு வாரத்துக்குள் சுருக்கிவிடுகிறார்கள். 'ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான்' என்று விளம்பரத்தில் பார்க்கும்போது லேசாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு பாடமே வாரத்துக்கு 18 மணி கேட்கும்.

மறுப்பு வந்த மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று வாரம், தூங்கும் நேரம் தவிர்த்து, அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று எழுதி வைத்தேன். எனக்கு வாரம் 20 மணி நேரமாவது சும்மா போகிறது என்று நம்பியிருந்தேன். நோட்டில் தேறியது ஆறரை மணி. அதுவும் துண்டு துண்டாக. பயணத்தில் 25 நிமிடம், மகள் குளிக்கப் போனால் ஒரு 20 நிமிடம். நிதி அறிக்கை ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரே மூச்சில் ஒன்றரை மணியாவது வேண்டும். ஐந்து 20 நிமிடங்களைச் சேர்த்தால் அது வராது.

ஆகவே மீதி நேரத்தை யாரிடமாவது கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய தாளில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்தேன். திங்கள், புதன் மாலை 7 முதல் 9 வரை வகுப்பு என்று எழுதியிருந்தேன். திங்கள் என் கணவர் மகளைப் பார்த்துக்கொள்வார். புதன் அவருக்கு வேலை முடியத் தாமதமாகும், அதனால் அன்றைக்கு அத்தை என்று நானே முடிவு செய்து அவர் பெயரையும் எழுதிவிட்டேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"புதன் மட்டும் வேண்டாம்மா. அன்னிக்குத்தான் என் தங்கச்சி போன் பண்ணுவா. வாரத்துல அந்த ஒரு நாள்தான் பேசிக்கறோம்."

ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். புதன்கிழமை மாலை கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது அவருடைய நேரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சும்மா இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தேன். பென்சிலை எடுத்து அவர் பெயரை அழித்தேன். புதன்கிழமை காலியானது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், எந்தப் படிப்பு எனக்குச் சரி என்பதை அந்தக் காலியான கட்டம்தான் முடிவு செய்தது. தரவரிசைப் பட்டியல் செய்யாத வேலை அது. வாரத்தில் இரண்டு மாலை கட்டாய நேரலை வகுப்பு உள்ள படிப்புகள் எல்லாம் என் பட்டியலிலிருந்து போயின. பதிவு செய்த வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேரலை வாரம் ஒருமுறைதான் என்றிருந்தவை மட்டும் நின்றன. வேறு நாட்டுக் கல்லூரி என்றால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்களுடைய மாலை 7 மணி உங்களுக்கு விடியற்காலையாக இருக்கலாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடாக இருந்தால் வருடத்தின் நடுவில் உங்கள் அட்டவணையும் நகரும். நேரில் வந்து தங்கிப் படிக்க வேண்டிய நாட்கள் உண்டா, எத்தனை, அந்தச் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குழு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், விளம்பரக் கையேடுகளில் அது தெரிவதே இல்லை. ஐந்து பேர், ஐந்து வேலை, சில சமயம் மூன்று நேர மண்டலம். எல்லோருக்கும் ஒத்துவரும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போகும். விண்ணப்பிக்கும் முன் அங்கே இப்போது படிக்கும் ஒருவரிடம் பேசுங்கள். 'படிப்பு எப்படி இருக்கிறது' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். 'போன வாரம் குழு வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்' என்று கேளுங்கள், உண்மை வரும்.

ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் தருவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-இல் ஆன்லைன் எம்பிஏ தொடங்கியது. 2019-இல், வளாகத்தில் நடத்திவந்த எம்பிஏ படிப்புகளை நிறுத்திவிட்டு ஆன்லைனில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்தது. பிரிட்டனில் வார்விக் பல்கலைக்கழகம் 1980-களிலேயே தொலைநிலை எம்பிஏ நடத்தியது. பார்க்க வேண்டியது அங்கீகாரத்தை. வணிகக் கல்லூரிகளுக்கான சர்வதேச அங்கீகாரங்களில் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், அம்பா என்று மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். கல்லூரியின் பக்கத்தில் இருக்கும் முத்திரையை நம்பாமல், அந்த அமைப்புகளின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நாட்டு அரசும் உங்கள் துறையும் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பது தனிக் கேள்வி, அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அம்பா அங்கீகாரம் உள்ள எம்பிஏ என்றால் பட்டம் பெற்ற பின் குறைந்தது 3 வருடப் பணி அனுபவம் எதிர்பார்ப்பார்கள்.

தேர்வு விஷயமும் அப்படித்தான். இப்போதைய ஜிமேட் மொத்தம் 2 மணி 15 நிமிடம், மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் 5 வருடம் செல்லும். அனுபவம் உள்ளவர்களுக்காகவே எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்று 90 நிமிடத் தேர்வு ஒன்றும் இருக்கிறது. பகுதிநேர, ஆன்லைன் படிப்புகள் பலவற்றில் அனுபவத்தைப் பார்த்துத் தேர்விலிருந்து விலக்கு தருகிறார்கள், ஆனால் சில இடங்களில் அதை நாமேதான் கேட்க வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள். தேர்வுக்குத் தயாராகும் நேரமும் அதே நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கட்டுரைக்கு வருகிறேன். என் முதல் கட்டுரையில் 'தலைமைப் பண்பு' என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. உலக வர்த்தகம் மாறிவருவது பற்றி ஒரு பத்தி. அதை யார் பெயரில் அனுப்பினாலும் பொருந்தியிருக்கும். இரண்டாவது முறை என் மேசையில் நடந்ததை எழுதினேன். கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிடங்கில் ஒரே உதிரி பாகம் மூன்று வேறு எண்களில் பதிவாகியிருந்தது. ஒரு எண்ணில் இருப்பு பூஜ்யம் என்று காட்டும், உடனே புதிதாக வாங்குவோம். அடுத்த அடுக்கில் அதே பாகம் 40 பெட்டி தூசி படிந்து கிடக்கும். அதைக் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் அதில் எவ்வளவு பணம் முடங்கியிருக்கிறது, அந்தப் பணம் வேறெங்கே வேலை செய்திருக்கும் என்று நிதிப் பிரிவிடம் அவர்கள் மொழியில் பேச எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் என் கோரிக்கை நிற்கவில்லை. எனக்கு எந்தப் பாடங்கள் வேண்டும், ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் தேவைப்படவில்லை.

வேலையில் இருப்பவரின் பலமே இதுதான். திங்கள்கிழமை கேட்ட பாடத்தைச் செவ்வாய்க்கிழமை சொந்த மேசையில் சோதித்துப் பார்க்க முடியும். அந்த மேசையை மறைத்துவிட்டு அழகான வாக்கியங்களை அனுப்புவது பெரிய இழப்பு. காசு கொடுத்து எழுதி வாங்குவதும், இயந்திரத்திடம் எழுதச் சொல்வதும் அதே இழப்புதான். அந்த 40 பெட்டி அவர்கள் யாருக்கும் தெரியாது.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் நாள் மேலாளரிடம் நேரமும் கேட்கும் நாள். முதல் முறை கடிதத்தை மட்டும் கேட்டேன். "நல்லா படிங்க" என்றார், முடிந்தது. இரண்டாவது முறை அட்டவணையைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை மாலை 5:30-க்கு நான் கிளம்ப வேண்டும், தேர்வு வாரங்களில் விடுப்பு வேண்டும் என்றேன். அவர் காலண்டரைத் திறந்து, மாதக் கடைசிச் செவ்வாய் மட்டும் சிரமம் என்று சொல்லி, மற்றவற்றுக்குச் சரி என்றார். அவர் எழுதிய கடிதத்திலும் இந்தப் பேச்சைக் குறிப்பிட்டிருந்ததாகப் பிறகு சொன்னார். அலுவலகம் கட்டணத்தில் பங்கு தருகிறது என்றால், எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்னால் வரி வரியாகப் படியுங்கள்.

இரண்டாவது நேர்காணல் வேறொரு கல்லூரியில். அங்கே நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில் 'நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா' என்றார்கள். தாளை எடுத்து கேமரா முன்னால் பிடித்தேன். எந்த மணி நேரம் யாரிடமிருந்து வருகிறது, பதிலுக்கு அவர்களுக்கு என்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். புதன் ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அத்தையின் தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது பருவம் நடக்கிறது. அட்டவணை இரண்டு முறை கிழிந்து மாறிவிட்டது, மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டேன். சோர்வு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் யாருடைய நேரத்தையும் கேட்காமல் எடுக்கவில்லை.

விண்ணப்பிக்க யோசிப்பவர்கள் யாருக்காவது அந்தக் கட்டம் போட்ட தாளின் மாதிரி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். புதன்கிழமை மாலை மட்டும் என்னிடமிருந்து பதில் வராது, அன்றைக்கு மகளுக்குச் சாப்பாடு கொடுப்பது நான்.