தலைப்பாகையோடு ஒரு பட்டாளத்துக்காரர்

இரண்டு நாளாக ஒரு பழைய போட்டோவையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1918 நவம்பர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேம்ப் லூயிஸ் ராணுவ முகாம். வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். தொப்பி போட்ட தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு தலைப்பாகை. உடம்பில் மற்றவர்கள் போட்டிருக்கிற அதே ராணுவ உடுப்பு. அவர் பெயர் பகத் சிங் திண்ட். லாகூரில் தூக்கிலிடப்பட்ட பகத் சிங் வேறு, இவர் வேறு.

1892-ல் அமிர்தசரஸ் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1913-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். பெர்க்லியில் படிப்பு, படிப்புச் செலவுக்கு ஓரிகான் மாநிலத்தின் மர அறுவை மில்களில் வேலை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1918 ஜூலை 22-ம் தேதி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றாமலே சேர்த்துக்கொண்டார்கள், அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நவம்பர் 8-ம் தேதி தற்காலிக சார்ஜென்ட் ஆனார். மூன்று நாளில் போர் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த டிசம்பரில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 9-ம் தேதி, ராணுவ உடுப்பில் இருக்கும்போதே அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். பட்டாளத்தில் இருக்கும் வெளிநாட்டவருக்குச் சீக்கிரமாகக் குடியுரிமை தரலாம் என்று அதே வருஷம் மே மாதம்தான் ஒரு சட்டம் வந்திருந்தது. நான்கே நாளில் குடியுரிமைத் துறை அதைப் பிடுங்கிக்கொண்டது. என்ன காரணம்? நீ வெள்ளைக்காரன் இல்லை. 16-ம் தேதி ராணுவத்திலிருந்து கௌரவமாக விடுவித்தார்கள், விடுவிப்புச் சான்றிதழில் நடத்தை 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்துக்குள் குடிமகன் ஆக்கி, இல்லை என்று சொல்லி, ஆனால் நீ நல்ல சிப்பாய் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரம் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்றுதான் எனக்கு யோசனை போகிறது.

1790-லிருந்து அமெரிக்கச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்'தான் குடியுரிமை பெறலாம் என்றது, 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியாக்காரன் இரண்டிலும் வரமாட்டான். துப்பாக்கியைக் கையில் கொடுக்கும்போது மட்டும் இந்தச் சட்டம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திண்ட் விடவில்லை. ஓரிகானில் மறுபடி விண்ணப்பித்தார். இந்திய விடுதலைக்காக வேலை செய்த கதர் கட்சிக்காரர்களோடு இவருக்குத் தொடர்பு என்று அதிகாரி எதிர்த்தார். நீதிபதி வோல்வர்ட்டன் இவருடைய ராணுவச் சேவையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 1920 நவம்பரில் குடியுரிமை கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1923 பிப்ரவரி 19, தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட். இதே சதர்லேண்ட் மூன்று மாதம் முன்னால் தாகாவோ ஓசாவா என்ற ஜப்பானியர் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் (ஐரோப்பியர்களை அடக்கி அந்தக் கால ஆராய்ச்சியாளர்கள் வகுத்த இனப் பிரிவு), நீங்கள் அந்த இனம் இல்லை என்று தள்ளுபடி செய்திருந்தார். திண்ட் தரப்பு, சரி, உங்கள் இன ஆராய்ச்சியாளர்களே வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டது. உடனே அளவுகோல் மாறிவிட்டது. ஆராய்ச்சியாளர் சொல்வது கணக்கில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று எழுதினார். ஒரு நீதிபதிகூட மாற்றுத் தீர்ப்பு எழுதவில்லை. அந்தத் தீர்ப்பில் இந்த மனுஷன் ராணுவத்தில் இருந்தார் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. 'அமிர்தசரஸில் பிறந்த உயர்சாதி இந்து' என்று மட்டும் இருக்கிறது. அவர் சீக்கியர், அதுகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதர்லேண்ட் பிறந்தது இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில். குழந்தையாகப் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். அவரும் வந்தேறிதான். கடல் தாண்டி வந்து அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஒருவர், கடல் தாண்டி வந்து அந்த நாட்டின் பட்டாளத்தில் நின்ற ஒருவருக்கு இடமில்லை என்று எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆனால் திண்ட் தரப்பு வாதம் எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். நான் ஆரியன், உயர்சாதிக்காரன், எங்களில் கலப்பு கிடையாது என்று வாதாடியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரைத் திருமண விஷயத்தில் எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு நெஞ்சில் குத்தியது. சாதியை மறுத்து எழுந்த சீக்கிய மதத்தில் பிறந்தவர், கதவு திறக்க வேண்டுமென்பதற்காக இன்னொருவனைக் காலில் போட்டு மிதிக்கும் வாதத்தை எடுத்தது தப்பு, எந்தக் காலமாக இருந்தாலும் தப்பு. சட்டம் அந்த ஒரு வாசலைத்தான் விட்டு வைத்திருந்தது, வக்கீல்கள் வேறு என்ன செய்வார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். இருந்தாலும் அவரிடம் அதைவிடப் பெரிய வாதம் இருந்தது, உடம்பில் போட்டிருந்த உடுப்பு. நீதிமன்றம் அதைக் கேட்காது என்றாலும் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று என் மனசு சொல்கிறது.

அவர் போர்முனைக்கே போகவில்லை, ஐந்து மாதம்கூட முழுசாக இல்லை, இதுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது சிப்பாய் இல்லையே. பெயர் கொடுத்த அன்றைக்கே அவன் உயிரைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிடுகிறான். எடுத்துக்கொண்டது அரசு. எடுத்துக்கொண்டபின் நீ யார், என்ன நிறம் என்று கேட்கிற உரிமை அந்த அரசுக்குக் கிடையாது. என் கட்சி அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பு இவர் ஒருவரோடு போகவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் பிடுங்கத் தொடங்கினார்கள். குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் இருந்ததால் பலருக்கு நிலமும் போனது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், மனைவி கலா, மூன்று மகன்களோடு 1915-ல் குடியேறியவர், 1921-ல் குடிமகன் ஆனவர். எல்லாம் போய், இந்தியாவுக்கு ஒரு தடவை போய் வர அமெரிக்கக் கடவுச்சீட்டுகூட மறுக்கப்பட்டு, 1928 மார்ச்சில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். முன்னால் போகவும் வழியில்லை, திரும்பிப் போகப் பாலமும் இல்லை என்கிற பொருளில் அவர் எழுதி வைத்த கடிதம் பத்திரிகையில் வந்தது. சாகாராம் கணேஷ் பண்டிட் என்ற வழக்கறிஞர் மட்டும் தன் குடியுரிமைக்காகக் கடைசிவரை போராடி ஜெயித்தார், அதற்கப்புறம்தான் அரசு மற்ற வழக்குகளைக் கைவிட்டது.

திண்டுக்கு வழி பிறந்தது 1935-ல். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசிய சிப்பாய்களுக்குக் குடியுரிமை தரலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதற்காக அலைந்தவர்களில் டோகுடாரோ ஸ்லோகம் என்ற ஜப்பானியர் முக்கியமானவர், அவரும் அதே போரில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவர். 1936-ல் திண்ட் மூன்றாவது தடவையாகக் குடிமகன் ஆனார். முதல் தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவே 18 வருஷம். 1967-ல் காலமாகும்வரை அந்த நாட்டில்தான் ஊர் ஊராகப் போய் ஆன்மிகச் சொற்பொழிவு செய்துகொண்டு வாழ்ந்தார்.

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2009-ல் அமெரிக்க ராணுவம், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருக்கும் வெளிநாட்டவரைச் சேர்க்க ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவம் தெரிந்தவர்களும் குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்தவர்களும் வேண்டும், பதிலுக்குச் சீக்கிரம் குடியுரிமை. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 10,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2016-ல் கூடுதல் பாதுகாப்புச் சோதனை என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். விசா ஒரு பக்கம் முடிந்துகொண்டிருந்தது. 2018-ல் சிலரைக் காரணம் சொல்லாமலே நீக்கியதாகச் செய்திகள் வந்தன, வழக்குகள் நடந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மகன் அப்படிக் காத்திருந்தவன். தமிழ் படிக்கத் தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று வருஷமும் அக்காவுக்கு போன் போட்டால் முதலில் விசாவைப் பற்றித்தான் பேச்சு, சாப்பிட்டியா என்பதெல்லாம் அதற்கப்புறம். கடைசியில் அவனுக்குக் குடியுரிமை கிடைத்தது. இப்போது அவன் யூனிஃபார்ம் போட்ட படத்தை அக்கா பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

நேற்று ராத்திரி அந்த கேம்ப் லூயிஸ் போட்டோவை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கதையையும் சுருக்கமாக எழுதியிருந்தேன். காலையில் பதில் வந்தது. "அந்தத் தலைப்பாகைக்காரர் என்ன ரேங்க், மாமா?"

சார்ஜென்ட் என்று எழுதினேன்.