குவாண்டம் நிறுவனங்கள் எதைத் தேடி வரும்?

ஐபிஎம், டிசிஎஸ் நிறுவனங்கள் ஆந்திர அரசோடு சேர்ந்து அமராவதியில் 156 கியூபிட் (கியூபிட் என்பது குவாண்டம் கணினி கணக்கிடும் அடிப்படை அலகு) குவாண்டம் கணினி ஒன்றை நிறுவப்போவதாக 2025 மே மாதம் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தமிழ்நாட்டுக்கு ஏன் வரவில்லை? கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கோ அந்தக் கேள்வியே போதவில்லை என்று தோன்றுகிறது.

இயந்திரம் வரட்டும், மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் அதில் நிரல் எழுதிப் பழகுவார்கள். ஆனால் அது வருவதை வைத்து, உலக நிறுவனங்கள் இந்தியாவைத் தேடி வரத் தொடங்கிவிட்டன என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐபிஎம் தன் குவாண்டம் கணினிகளை 2021-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நிறுவியது. பிறகு கனடா, தென்கொரியா, ஸ்பெயின் என்று அந்த வரிசை நீண்டது. பணமும் கட்டடமும் தடையற்ற மின்சாரமும் தருகிற எந்த நாட்டுக்கும் அந்தப் பெட்டி போகும். செயலியை வடிவமைக்கும் மூளைகள் அமெரிக்காவிலேயே இருக்கும். ஒரு நிறுவனம் தன் ஆய்வாளர்களையும் அடுத்த தலைமுறை வேலையையும் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், தன் ஊரில் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைப் பாருங்கள். 2015-இல் இன்டெல் ஐந்து கோடி டாலர் முதலீட்டோடு, பத்தாண்டு ஒப்பந்தம் போட்டு, அங்குள்ள கியூடெக் ஆய்வகத்தோடு சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆய்வுக்கூடம் திறந்தது. ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்து நிறுத்தி அதன் நிலையை அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே பல ஆண்டுகளாக இருந்தார்கள். அவர்களைத் தேடித்தான் இவர்கள் போனார்கள். நெதர்லாந்து அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 61.5 கோடி யூரோ ஒதுக்கியது 2021-இல்தான். முதலில் கைத்திறன், அடுத்து நிறுவனங்கள், அதற்குப் பிறகே பெரிய திட்டம். மைக்ரோசாஃப்ட் குழுவின் முக்கியமான ஓர் ஆய்வுக் கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் டெல்ஃப்ட் சோர்ந்துவிடவில்லை. செயலி செய்து விற்கும் குவான்ட்வேர், கட்டுப்பாட்டு மின்னணுக் கருவிகள் செய்யும் கியூபிளாக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த மண்ணிலிருந்தே எழுந்து நிற்கின்றன.

பின்லாந்து இன்னும் பொறுமையான கதை. ஒல்லி லௌனஸ்மா என்ற இயற்பியலாளர் 1965-இல் அங்கே தாழ்வெப்பநிலை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது குவாண்டம் கணினி என்ற பேச்சே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குளிரைக் கையாளக் கற்றவர்கள் அங்கே உருவானார்கள். அந்த மரபிலிருந்து 2008-இல் புளூஃபோர்ஸ் நிறுவனம் பிறந்தது. இன்று ஐபிஎம் உட்பட உலகின் பெரிய குவாண்டம் குழுக்கள் பலவும் தங்கள் செயலிகளைக் கடுங்குளிரில் வைக்கும் குளிர்விப்புக் கருவிகளுக்கு அந்தச் சின்ன நாட்டைத்தான் நாடுகின்றன.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுகளுக்கான தொகை அது. நெதர்லாந்து ஒதுக்கியதும் ஏறத்தாழ இதே அளவுதான். அவர்களுடைய மக்கள்தொகை இரண்டு கோடிகூட இல்லை. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் டிஆர்டிஓவும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து 2024-இல் ஆறு கியூபிட் செயலி ஒன்றை இயக்கிக் காட்டின. சிறியதுதான், ஆனால் நாமே செய்தது. என் கணக்கில் அமராவதிக்கு வரப்போகும் 156 கியூபிட்டைவிட இந்த ஆறு பெரிது.

இனி நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்: ஹீலியம்-3.

மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) வகைக் குவாண்டம் செயலிகள் தனிச்சுழி வெப்பநிலைக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் அளவு) மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே ஒழுங்காக வேலை செய்யும். அந்தக் குளிரைத் தொடர்ந்து தருவது டைலூஷன் ரெஃப்ரிஜரேட்டர் என்ற கருவி. ஹீலியத்தின் இரு வகைகளான 3, 4 ஆகியவற்றின் கலவையை வைத்து அது இயங்குகிறது. ஹீலியம்-4 எரிவாயுக் கிணறுகளில் கிடைக்கும். ஹீலியம்-3 அப்படிக் கிடைக்காது. ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிட்டியம் சிதைந்து அது உருவாகிறது. டிரிட்டியத்தில் பாதி சிதையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலகுக்கு இதுவரை கிடைத்ததில் பெரும்பகுதி அமெரிக்க, ரஷ்ய அணு ஆயுதங்களுக்கான டிரிட்டியத்திலிருந்து வந்தது. கனடா வேறு வழி கண்டது. கனநீர் (ஹைட்ரஜனின் கனமான வகையால் ஆன நீர்) அணு உலைகளில் அந்த நீரே மெல்ல மெல்ல டிரிட்டியம் ஏற்றுக்கொள்ளும்; டார்லிங்டன் நிலையத்தில் அதைப் பிரித்தெடுக்கிறார்கள், அதிலிருந்து ஹீலியம்-3 சேகரிக்கிறார்கள்.

கனநீர் உலைகளை அதிகம் இயக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ராவத்பட்டா, நரோரா, கக்ராபார், கைகா, நம் கல்பாக்கம். (கூடங்குளம் இதில் சேராது, அது சாதாரண நீர் உலை.) அணுசக்தித் துறை மனம் வைத்து, பிரித்தெடுக்கும் ஆலைக்குப் பணம் ஒதுக்கி, “இங்கே ஆய்வகம் வைப்பவர்களுக்கு ஹீலியம்-3 உறுதி” என்று சொல்லட்டும். எந்த வரிச்சலுகையும் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்யும். எளிதில்லை, பல ஆண்டுகள் ஆகும். எனவேதான் இன்றே தொடங்க வேண்டும் என்கிறேன்.

எல்லாக் குவாண்டம் கணினிக்கும் இத்தனை குளிர் தேவையில்லை, உண்மைதான். அயனிகளையோ (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) சாதாரண அணுக்களையோ லேசரால் பிடித்து வைக்கும் வகைகளுக்கு வெற்றிடக் கலன்கள், துல்லியமான கண்ணாடிகள், அசையாத மேசைகள் வேண்டும். கோவையில் பம்பும் நூற்பாலை இயந்திரமும் செய்து வளர்ந்த பட்டறைகளின் கடைசல் தொழிலாளர்கள் மைக்ரான் கணக்கில் வேலை செய்பவர்கள். வெற்றிடக் கலனுக்கு என்ன உலோகம், எப்படிப் பற்றவைத்தால் கசியாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? குவாண்டம் தகவல்தொடர்புக்கான தேசிய மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. அங்கிருந்து கோவைக்கு ஓர் இரவு ரயில் பயணம்தான்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளநிலை ஆய்வு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது மாதக்கணக்கில் தாமதமாகும்போது, கெட்டிக்காரப் பிள்ளை வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடுகிறது. அதே பிள்ளையைத்தான் நாளை ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கே வேலைக்கு எடுக்கும்; பிறகு அந்த நிறுவனத்தை இங்கே வரச் சொல்லி நாம் அழைப்பு விடுப்போம். உதவித்தொகையை மாதத்தின் முதல் தேதியில் கொடுப்பதற்கு எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் தேவையில்லை.

அடுத்து எந்த மாநில அரசு எந்த நிறுவனத்தோடு கையெழுத்திட்டாலும் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவிடக் கூடாது: கருவியை நிறுவுவதிலும் பழுதுபார்ப்பதிலும் உள்ளூர் டிப்ளமோ, பொறியியல் பட்டதாரிகள் பக்கத்தில் நின்று முழுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், திருகாணி வரை. அதற்கு ஒப்பாத நிறுவனம் நமக்கு வெறும் விற்பனையாளர். விற்பனையாளருக்கு இலவச நிலம் கொடுப்பானேன்?