ஜியன்னா மோல்லாவுக்கு வந்தது புற்றுநோய் அல்ல

"புற்றுநோய்ச் சிகிச்சையை மறுத்து, வயிற்றுப் பிள்ளைக்காக உயிர்விட்ட தாய்" என்று இத்தாலியப் புனிதை ஜியன்னா பெரெத்தா மோல்லாவின் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நோயும் தவறு, மறுத்தார் என்பதும் தவறு.

1961இல் நான்காவது குழந்தையைச் சுமந்த இரண்டாம் மாதத்தில் அவருடைய கருப்பையில் கண்டறியப்பட்டது நார்த்திசுக் கட்டி, புற்று அல்ல. கருக்கலைப்பு, கருப்பையையே அகற்றுதல், கட்டியை மட்டும் அகற்றுதல் என மூன்று வழிகள் இருந்தன. தாயைக் காக்கக் கருப்பையை அகற்றுவதைக் கத்தோலிக்க அறநெறியும் தடுக்கவில்லை. அவர் கேட்டது மூன்றாவது வழி. செப்டம்பர் 6ஆம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது, கர்ப்பம் தொடர்ந்தது.

1962 ஏப்ரல் 21 அன்று சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரத்தில் தாய் இறந்தார். காரணம், வயிற்றறை உறையில் பரவிய கிருமித்தொற்று.

மேசெரோவில் கிளினிக் நடத்தித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்த மருத்துவர் அவர்; ஆபத்து எது என்று தெரிந்தே முடிவெடுத்தார். பகிர்பவர்களுக்கு இந்த விவரம் ஏனோ சுவைப்பதில்லை. 2004 மே 16 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, தாயைப் போலவே மருத்துவராகி, தந்தையோடு வத்திக்கானில் இருந்தார்.