ஆறே ஆட்டத்தில் முடிந்துவிடுமாம்

அக்டோபர் வந்தாலே எரிச்சல்தான். அமெரிக்க பேஸ்பால் உலகத் தொடரில் (அதிகபட்சம் ஏழு ஆட்டம், முதலில் நான்கில் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை) ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே ஆளாளுக்கு "ஆறே ஆட்டத்தில் முடிந்துவிடும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். சரி, கணிப்பது அவரவர் விருப்பம். ஆனால் முதல் ஆட்டம் முடிந்த கையோடு "நான்தான் சொன்னேனே, இனி பார்க்க என்ன இருக்கிறது" என்று எதிரணி ரசிகர்களின் வாயை அடைக்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

2019-இல் என்ன நடந்தது? லீக் சுற்றில் 107 வெற்றி கண்ட ஹூஸ்டன் அணிக்குத்தான் கோப்பை என்றார்கள். ஏழு ஆட்டத்திலும் சொந்த மைதானத்தில் ஆடிய அணியே தோற்று, கடைசியில் கோப்பை வாஷிங்டனுக்குப் போனது.

2016 இன்னும் மோசம். ஆட்டக் கணக்கில் 3-1 என்று பின்தங்கியதுமே சிகாகோ கப்ஸுக்குச் சங்கு ஊதிவிட்டார்கள். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அதில் எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் 6-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கப்ஸின் சாப்மன் வீசிய பந்தை கிளீவ்லாந்தின் ரஜாய் டேவிஸ் இடப்பக்கம் தூக்கி அடித்து 6-6 ஆக்கிவிட்டார், அப்புறம் மழை, 17 நிமிடம் நிறுத்தம், பத்தாவது இன்னிங்ஸில்தான் கப்ஸ் 8-7 என்று ஜெயித்து 108 ஆண்டு கோப்பை ஏக்கத்தைத் தீர்த்தது. இதை எந்தக் கணக்கு சொன்னது?

ஆட்டத்துக்கு ஆட்டம் தொடக்க பிட்சர் (முதலில் பந்து வீச வருபவர்) மாறுகிறார், நேற்றைய வெற்றி இன்றைக்கு உதவாது. ஏழு ஆட்டமும் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கொஞ்சம் நிம்மதியாகப் பார்க்க விடுங்களேன்.